ஏழு சுவிட்சும் ஐந்து டன்னும்

ஏழு. இந்த எண்ணை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிட்டாரில் இருந்த சுவிட்சுகளின் எண்ணிக்கை அது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மூன்று மாசப் பிழைப்பை அந்த ஏழும் சேர்ந்து பறிக்கப் பார்த்தன. சுவிட்சைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அது வெறும் செம்பும் பிளாஸ்டிக்கும். சுவிட்சை எண்ணி ஆளை எடை போட்டார்களே, அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் பெயர் வைஜெயந்தி. வயது முப்பத்தெட்டு. பதினாறு வயதிலிருந்து மரக்காணத்தில் உப்பு வாருகிறாள். விடியுமுன் பாத்தியில் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடுவாள். குளித்து, சோறு வடித்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி எழுந்தால் சாயங்காலம் அவள் வேறு ஆள். சாலமன் நடத்தும் மெல்லிசைக் குழுவில் அவள்தான் லீட் கிட்டார். கூழ்வார்த்தல், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தேர்தலில் ஜெயித்தவனுக்குப் பாராட்டு விழா, தோற்றவன் நடத்தும் நன்றி அறிவிப்பு என்று மரக்காணத்திலிருந்து பொம்மையார்பாளையம் வரை கடற்கரைச் சாலையில் அவள் வாசிக்காத பந்தல் இல்லை. பொம்பளை கிட்டார் வாசிக்கிறாளாமே என்று வேடிக்கை பார்க்க வந்த கூட்டமெல்லாம் முதல் இரண்டு வருஷத்தோடு சரி. அப்புறம் வந்தவர்கள் பாட்டுக் கேட்க வந்தார்கள்.

கிட்டார் அவளுடையது இல்லை. அதாவது, முதலில் இல்லை. குழுவில் முன்பு வாசித்துக்கொண்டிருந்த ஷஃபியுடையது. வைஜெயந்தி அப்போது கோரஸ் பாடிக்கொண்டிருந்தாள். நாலு வருஷம் அவனுக்குப் பக்கத்திலேயே நின்று அவன் விரலைப் பார்த்தாள். ஷஃபி சார்ஜாவுக்குக் கிளம்பிய அன்று கிட்டாரைக் கொண்டு வந்து அவள் வீட்டு வாசலில் சாய்த்து வைத்தான்.

“அக்கா, அங்க எனக்கு ஏசி மெக்கானிக் வேலை. இத்த தூக்கினு போய் இறங்குனா மொதலாளி சிரிப்பான். நீயே வெச்சிக்க.”

“எனக்கு எங்கடா வாசிக்கத் தெரியும்?”

“சும்மா சொல்லாத. நான் தப்பா வாசிச்சா மூஞ்ச சுளிக்கிறியே, அது போதும்.”

அது அக்டோபர் மாசம். மழை இறங்கியதும் உப்பளம் குளமாகிவிடும். மூன்று மாசத்துக்கு யாருக்கும் வேலை கிடையாது. வருஷா வருஷம் இந்தக் கதைதான். தாலுக்கா ஆபீசில் மனு கொடுப்பார்கள், மனுவை வாங்கிக் கட்டி வைப்பார்கள், அதற்குள் வெயில் வந்துவிடும். அந்த மூன்று மாசத்தில் அவள் கிட்டார் கற்றுக்கொண்டாள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நேரம் மட்டும் நிறைய இருந்தது.

ஷஃபியின் கிட்டாரில் ஒரு வால்யூம் திருகும், இரண்டு டோன் திருகும், மேலே ஒரு சுவிட்சும் இருந்தன. ஒரு வருஷத்தில் சுவிட்சைத் தொட்டாலே ஸ்பீக்கரில் கரகரவென்று தகரத்தை இழுக்கிற சத்தம் வர ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பஷீர் அஹமது கடையில் கொண்டு போய்க் கொடுத்தாள். மிக்சி, டேபிள் ஃபேன், உப்பளத்து மோட்டார் ஸ்டார்ட்டர், எதுவானாலும் இந்த ஊரில் பஷீர் பாய் கைதான். அவர் கிட்டாரின் முதுகைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். செம்பெல்லாம் பச்சையாகக் கிடந்தது.

“உப்பு பூத்துப் போச்சும்மா. நம்ம ஊரு காத்துல சுவிட்சுன்னா இன்னா தெரியுமா? உப்பு உள்ள வர்றதுக்கு நாம தொறந்து வெக்கிற கதவு. இதுல இத்தினி கதவு எதுக்கு?”

“அப்ப எல்லாத்தையும் சாத்திடு பாய்.”

சாத்திவிட்டார். சுவிட்சையும் டோன் திருகுகளையும் கழற்றி எறிந்து, கம்பிச் சத்தத்தை நேராக வால்யூம் வழியாக வெளியே விட்டார். ஓட்டைகளில் எம்-சீல் அடைத்தார். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கிட்டார் ஒரு நாள்கூட மேடையில் வாய் மூடியதில்லை.

அப்படியானால் பாட்டுக்குப் பாட்டு சத்தத்தை எப்படி மாற்றுவாள்? கையால் மாற்றுவாள். கம்பியைக் கழுத்துப் பக்கம் தட்டினால் சத்தம் உருண்டு வரும். கீழே கட்டைப் பக்கம் தட்டினால் கூராக வரும். நகம் பட்டால் ஒன்று, சதை பட்டால் வேறு. எண்ணெய் கேனை வெட்டிச் செய்த மீட்டு வில்லையை அழுத்திப் பிடித்தால் ஒன்று, தளர்த்தினால் இன்னொன்று. அதற்கெல்லாம் அவள் வைத்த பெயர் டிகிரி.

உப்பளத்தில் எல்லோருக்கும் டிகிரி தெரியும். பாத்தித் தண்ணீரில் கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டு எவ்வளவு காரம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். கடல் தண்ணீர் மூன்று டிகிரி. பாத்தி பாத்தியாக வெயிலில் நகர்ந்து பத்தாகும், பதினைந்தாகும், இருபதாகும். இருபத்தைந்தில் உப்பு இறங்கும். அதற்கு முன்னால் எவ்வளவு கெஞ்சினாலும் இறங்காது. ரொம்பத் தாண்டினால் கசந்துவிடும். வைஜெயந்திக்குப் பாட்டும் அப்படித்தான். தாலாட்டுக்குப் பத்து, டூயட்டுக்குப் பதினெட்டு. கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அந்த ஒரு சத்தத்துக்கு இருபத்தைந்து. குழுவே இந்தக் கணக்குக்குப் பழகிவிட்டது. சாலமன் பாதிப் பாட்டில் திரும்பி, “வைஜெயந்திம்மா, இன்னும் ரெண்டு டிகிரி ஏத்து” என்பார்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் போன ஆகஸ்டில் ஒருத்தன் எத்தனை டோன் என்று கேட்டான்.

கீழ்புத்துப்பட்டைத் தாண்டி ஒரு ரிசார்ட். அங்கே நிகழ்ச்சி மேனேஜர் அருண்ராஜ். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சனி, ஞாயிறு சாயங்காலங்களில் கச்சேரி வைக்க ஆள் தேடினான். சாலமன் குழுவைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். மழை மாசம் மூன்றும் வேலை! உப்பளத்துக்காரிக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமா? வைஜெயந்தி அந்த வாரம் முழுக்கப் பாத்தியில் முணுமுணுத்துக்கொண்டே உப்பு வாரினாள். மேனேஜர் பெயரை அவளிடம் சொல்லாமலே சாலமன் அவள் போன் நம்பரை அருண்ராஜுக்குக் கொடுத்தார்.

வீட்டில் ஒரே போன். மெசேஜ் வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். எடுத்துப் பார்த்தது அவள் புருஷன் சிவஞானம். அதே உப்பளத்தில் மேஸ்திரி. உப்பு வேண்டும் என்று கருவாட்டு வியாபாரிகளும் ஐஸ் கம்பெனிக்காரர்களும் அவனுக்குத்தான் போன் செய்வார்கள். அருண்ராஜ் போனிடம் வாயால் சொல்லித் தமிழில் எழுத வைப்பவன். போன் அவன் சொன்ன டோனை டன் என்று எழுதிவிட்டது. படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டான். வந்த மெசேஜ் இதுதான்: வணக்கம், எங்களுக்கு ஏழு டன் வேண்டும், உங்களிடம் எத்தனை டன் இருக்கிறது?

சிவஞானம் குளியல் தடுப்புக்கு வெளியே நின்று கத்தினான். “ஏய், எவனோ அருண்ராஜாம். ஏழு டன்னு கேக்குறான்.”

“அவ்ளோ உப்பு எவனுக்கு? கருவாட்டுக்காரனா?”

“இல்லடி, ரிசார்ட்டு பேரு போட்டிருக்குது.”

“ரிசார்ட்டுல ஏழு டன்னா? சாம்பாரு வெக்கிறானா, சமுத்திரம் வெக்கிறானா?”

“நீச்சல் குளத்துல கொட்டுவானுங்களோ இன்னாவோ. இன்னா சொல்லட்டும்?”

“இருக்கறத சொல்லு. இல்லாதத சொல்லி மாட்டிக்காத.”

நேர்மையான மனுஷன். இருப்பதைச் சொன்னான். “இப்போதைக்கு அஞ்சு இருக்குதுங்க. ரெண்டு ஈரம், மூணு காய்ஞ்சது. ஏழு வேணும்னா பத்து நாள் வெயில் அடிக்கணும்.” உடனே பதில் வந்தது. ஒரு கட்டை விரல் படம், பிறகு, “சூப்பர், வியாழக்கிழமை நேரில் வாருங்கள்.”

இரண்டு மணி நேரம் கழித்து சாலமன் போன் செய்தார். வியாழக்கிழமை ரிசார்ட்டுக்குப் போக வேண்டும், மேனேஜர் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார் என்றார். வைஜெயந்தி அதை வேறு விஷயம் என்று நினைத்துக்கொண்டாள். உப்பையும் கிட்டாரையும் ஒரே ஆள் கேட்பான் என்று யாருக்குத் தோன்றும்?

வியாழக்கிழமை ஏசி அறையில் உட்கார வைத்து ஆளுக்கொரு கிளாஸில் ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். அவள் கிட்டாரை உப்பு மூட்டைச் சாக்கில் தைத்த உறையோடு மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அருண்ராஜுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். வந்ததும் கும்பிட்டான்.

“மேடம், உங்க மெசேஜ் செம்ம. மூணு ட்ரை, ரெண்டு வெட். இந்த ஏரியால இப்படி டெக்னிகலா பேசுற ஆர்ட்டிஸ்ட் இருப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல.”

வைஜெயந்தி சாலமனைப் பார்த்தாள். சாலமன் ஜூஸைப் பார்த்தார்.

“இன்னா சார்?”

“டோன் மேடம். எக்கோ போட்ட சவுண்டு வெட்டு, போடாதது ட்ரை. கரெக்டா பிரிச்சு அனுப்பியிருந்தீங்க. நான் ஏழு கேட்டேன், நீங்க அஞ்சு சொன்னீங்க, ஓகே. அந்தப் பத்து நாள் வெயில்னு ஒண்ணு எழுதியிருந்தீங்களே, அதுதான் புரியல. சோலார்ல ஓடுற பெடலா?”

“போனக் காட்டுங்க சார்.”

படித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

“சார், இது உப்பு.”

“உப்பா?”

“உப்புதான். எங்க வூட்டுக்காரரு அனுப்புனது. ரெண்டு டன்னு ஈரமா கெடக்குது, மூணு டன்னு காய்ஞ்சிடுச்சு. வேணும்னா இப்பவே லோடு ஏத்துவாரு.”

சாலமன் கைக்குட்டையை வாயில் வைத்து இருமினார். அருண்ராஜுக்குக் காது சிவந்துவிட்டது. அதிகாரத்தில் இருக்கிறவனைப் பார்த்துச் சிரித்துவிட்டால் என்ன நடக்கும் என்று கூலி வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். அவன் சட்டத்தை எடுப்பான். இவனும் எடுத்தான்.

“சரி. அப்ப உங்க கிட்டார்ல எத்தனை டோன்?”

“சுவிட்சே இல்ல சார். ஒரு வால்யூம் திருகு மட்டும்தான்.”

“அது எப்படி மேடம்? எங்க கெஸ்டுங்க வெரைட்டி எதிர்பார்ப்பாங்க. மினிமம் ஏழு டோன், அது எங்க பாலிசி. பரவால்ல, எங்க கிட்டயே ஹவுஸ் கிட்டார் இருக்கு. ஏழு சுவிட்ச். ஒண்ணொண்ணா மாத்தி மாத்திப் போட்டா நூத்தி இருபத்தெட்டு சவுண்டு வரும்.”

“நூத்தி இருபத்தெட்டையும் நீங்க கேட்டீங்களா சார்?”

“புக்குல போட்டிருக்கு மேடம்.”

மூன்று சனிக்கிழமை சோதனை. ரிசார்ட் கிட்டாரில்தான் வாசிக்க வேண்டும். சரியாக வந்தால் அக்டோபரிலிருந்து மூன்று மாசம். வராவிட்டால் பாண்டிச்சேரியில் ஆள் இருக்கிறது. அவ்வளவுதான் பேச்சு.

இதைக் கவனியுங்கள். அரை மணி நேரம் அந்த அறையில் பேசினார்கள். அவள் மடியில் கிட்டார் இருந்தது. ஒரு பாட்டு வாசித்துக் காட்டுங்கள் என்று அவன் கேட்கவில்லை. கத்தரிக்காய் வாங்குகிறவன்கூட ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்ப்பான். இவன் அதைக்கூடச் செய்யவில்லை.

ரிசார்ட் கிட்டார் வெள்ளை நிறம். மணலில் போட்ட மேடையில் அதற்கென்று ஒரு ஸ்டாண்டு. இரவும் பகலும் அங்கேயேதான் நிற்கும். வருகிறவர்கள் அதைக் கழுத்தில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். கடல் இருபது அடி தூரத்தில்.

முதல் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கே போய் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தாள். அவசரப்பட்டுக் குறை சொல்கிற ஆள் இல்லை அவள். ஒரு சுவிட்சைத் தட்டினால், கம்பிகளுக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கும் காந்தத்தின் மேல் சுற்றியிருக்கும் இரண்டு சுருளில் ஒன்று அணைந்து போகும். சத்தம் மெலிந்து, கண்ணாடி வளையல் மாதிரி வந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் ங்ங்ங் என்று அந்த இரைச்சலையும் கிட்டார் சேர்த்துப் பாடியது. இரண்டு சுருளும் சேர்ந்திருக்கும்போது ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். ஒன்றைப் பிரித்துவிட்டால் தடுக்க ஆள் இல்லை. சங்கத்தைப் பிரித்தாலும் இதே நியாயம்தான். இன்னொரு சுவிட்ச் போட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. இரண்டு சுவிட்சுக்கு வித்தியாசம் அவள் காதுக்கே தெரியவில்லை. ஒன்று சத்தத்தை மொத்தமாக நிறுத்தியது. ஒன்றுக்குப் பேட்டரி வேண்டும், பேட்டரி இல்லை. ஏழாவது எதற்கு என்று அருண்ராஜைக் கேட்டாள். புக்கைப் பார்த்துச் சொல்கிறேன் என்று போனவன் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நூற்று இருபத்தெட்டில் அவள் உருப்படியாகக் கேட்டது நாலு. அந்த நாலில் மூன்று அவள் கையிலேயே இருந்தது.

“அண்ணா, இத்த வெச்சினு நான் இன்னா பண்றது? பாட்டப் பாக்கவா, பட்டனப் பாக்கவா?”

சாலமன் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்த மனுஷன். “மூணே மூணு வாரம்மா. பல்லக் கடிச்சிக்க. மழைக்கு முன்னாடி கையெழுத்து ஆயிடணும்.”

கடித்துக்கொண்டாள். முதல் வாரம் தப்பித்தது. இரண்டாவது வாரம் சுவிட்சைத் தொட்டபோது அந்தப் பழைய கரகரப்பு கேட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கேட்ட அதே தகரச் சத்தம். மேடையை விட்டு இறங்கியதும் நேராக அருண்ராஜிடம் போனாள்.

“சார், உள்ள உப்பு பூக்குது. பின்னாடி தொறந்து தொடைக்கணும். எங்க ஊர்ல பஷீர் பாய் இருக்காரு, அரை மணி நேர வேலை.”

“ஐயோ, தொறக்காதீங்க மேடம். வாரன்ட்டி போயிடும்.”

“கிட்டாரே போயிடும் சார்.”

“வாரன்ட்டி இருக்குல்ல?”

அவள் பஷீர் பாயிடம் போய்க் கொட்டினாள். கடையில் ஒரு மோட்டார் ஸ்டார்ட்டர் பிளந்து கிடந்தது. பாய் அதில் பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“பாரு, இந்த ஸ்டார்ட்டருக்குக் கைப்பிடி எத்தினி?”

“ஒண்ணு.”

“இதுல ஏழு இருந்தா உங்க மேஸ்திரிக்கு பாத்தியில தண்ணி ஏறுமா?”

“அவரு இப்பவே அந்த ஒண்ண எந்தப் பக்கம் தள்ளணும்னு யோசிப்பாரு பாய்.”

பாய் சிரித்தார். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். “எல்லாம் சரி. அந்தச் சுருள் பிரிக்கிற சுவிட்சு ஒண்ணு மட்டும் நம்ம கிட்டார்ல வெச்சா? வளையல் சத்தம் மாதிரி இருந்துது பாய்.”

“ஏசி ரூம்ல ரெக்கார்டிங் பண்றவன் வெச்சிக்கலாம், தப்பில்ல. அவனுக்கு உப்புக் காத்தும் இல்ல, ஜெனரேட்டரும் இல்ல. உன் காந்தத்துலேர்ந்து வெளிய வர்றது ரெண்டே வயரு. அத்தப் பிரிக்கணும்னா சுருளையே அறுக்கணும். அறுத்துட்டு, அல்லா மேல பாரத்தப் போட்டுட்டு, உன்கிட்ட திட்டு வாங்கணும். வேணுமா?”

“வேணாம்.”

“அவன் எழுதுன புக்கு வேற ஊர்ல எழுதுன புக்கும்மா” என்று சொல்லிவிட்டுப் பாய் ஸ்டார்ட்டருக்குத் திரும்பினார்.

மூன்றாவது சனிக்கிழமை. சென்னையிலிருந்து வந்த குடும்பம், வீட்டுப் பெரியவருக்கு அறுபதாம் கல்யாணம். இருநூறு பேர். ஐந்தரை மணி. வெயில் சாய்ந்து கடல்காற்று ஈரமாக வீசிக்கொண்டிருந்தது. வைஜெயந்தி தன் சாக்கு உறையை மேடைக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்திருந்தாள். ஏன் கொண்டு வந்தாய் என்று சாலமன் கேட்டதற்கு, அது பக்கத்தில் இல்லாமல் கை ஓடவில்லை என்றாள்.

நாலு பாட்டு ஓடியது. ஐந்தாவதில், பல்லவி முடிந்து கிட்டார் தனியாக வர வேண்டிய இடத்தில், கம்பியை அடித்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தாள். கரகரவென்று ஒரு சத்தம் வந்து அதுவும் நின்றது. ட்ரம்ஸ் மட்டும் அனாதையாகத் தட்டிக்கொண்டிருந்தது. சாலமன் பல்லைக் காட்டியபடியே, “சுவிட்ச்சத் தட்டு, சுவிட்ச்சத் தட்டு” என்று கிசுகிசுத்தார். தட்டினாள். ஒன்று, இரண்டு, ஏழும் தட்டினாள். நூற்று இருபத்தெட்டு சத்தத்தில் ஒன்றுகூட வீட்டில் இல்லை.

அருண்ராஜ் மேடைக்கு ஓடி வந்து மைக்கைப் பிடித்தான். “சாரி, ஒரு சின்ன டெக்னிகல் பிராப்ளம். நம்ம மேடம் லோக்கல் ஆளு. இந்த மாடல் அவங்களுக்குப் புதுசு. கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

கூட்டம் பெருந்தன்மையாகச் சிரித்தது.

வைஜெயந்திக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. இருபத்திரண்டு வருஷம் உப்பு வாரியிருக்கிறாள். உள்ளங்கால் வெடித்திருக்கிறது, கண் கூசிக் கூசிப் பாதி வெளிச்சம் போயிருக்கிறது. உப்பு எதை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாததா? முன்கூட்டியே சொன்னாள். திறந்து துடைக்கலாம் என்று கேட்டாள். வாரன்ட்டி என்று அவள் வாயை அடைத்தவன் இப்போது இருநூறு பேர் முன்னால் அவளுக்குத் தெரியவில்லை என்கிறான். முதலாளியின் இயந்திரம் பழுதானால் தொழிலாளிக்குத் தெரியவில்லை என்பது. இது எத்தனை வருஷத்துப் பழைய பாட்டு!

“மைக்கக் குடுங்க சார்” என்று வாங்கினாள்.

“உப்பு பூத்துருச்சுங்க. கிட்டாருக்கு. எனக்கு இல்ல.”

இந்தத் தடவை கூட்டம் வேறு மாதிரி சிரித்தது. அவள் வெள்ளைக் கிட்டாரைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாள். ஒயரைப் பிடுங்கினாள். சாக்கு உறையைப் பிரித்தாள். எம்-சீல் அடைத்த ஓட்டைகளோடு ஷஃபியின் கிட்டார் வெளியே வந்தது. அருண்ராஜ், “மேடம், பாலிசி…” என்று ஆரம்பித்தான். ஒயர் சொருகிய டப் சத்தம் ஸ்பீக்கரில் அவன் பேச்சின் மேல் விழுந்தது.

கையைக் கழுத்துப் பக்கம் வைத்துப் பத்தில் ஆரம்பித்தாள். சாலமன் பாஸ் கிட்டாரில் பின்னாலேயே வந்தார். நாலு வரி போனதும் கையை மெல்லக் கீழே இறக்கினாள். பதினைந்து. பதினெட்டு. தட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். இருபது. குழந்தைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. விட்ட இடத்திலிருந்து அந்தத் தனி வாசிப்பு வந்தபோது வால்யூமை முழுசாகத் திறந்து, நகமும் வில்லையும் சேர்ந்து படும்படி கம்பியைக் கட்டைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

பேச்சு நின்றது. அறுபதாம் கல்யாண மாப்பிள்ளை மாலையோடு நாற்காலியை விட்டு எழுந்து வந்து மேடைக்கு முன்னால் நின்றார். முடிந்ததும், “இன்னொரு தடவை வாசிம்மா” என்றார். இன்னொரு தடவை வாசித்தாள். அதே டிகிரி.

ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்தது. அருண்ராஜ் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டான். அந்தப் பெரியவர் மேனேஜ்மென்ட்டிடம் நேராகப் போய்ப் பாராட்டிவிட்டாராம். அதனால் இவனுக்கும் சிரிப்பு வந்திருந்தது. வெள்ளைக் கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மைக்கில் பேசினதற்கு ஒரு மன்னிப்பு இல்லை. ஃபாரத்தை நீட்டினான்.

“சிஸ்டத்துல ஏத்தணும் மேடம். டோன் காலம் மட்டும் காலியா விடாதீங்க. ஏழுக்குக் கம்மியா போட்டா சிஸ்டமே எடுக்காது.”

பெயர், ஊர், கருவி. அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். டோன் என்று போட்டு இரண்டு புள்ளி. எத்தனை என்றுகூட இல்லை.

சாலமன் அவள் காதோரம் குனிந்தார். “ஏழுன்னு போட்டுடும்மா. உனக்குப் புண்ணியமாப் போவும். மூணு மாசம்மா, மழைல மூணு மாசம்.”

“இல்லாதத எழுத மாட்டேன் அண்ணா.”

“அப்ப ஒண்ணுன்னு போட்டு எல்லாரு சோத்துலயும் மண்ணப் போடப் போறியா?”

அவள் பேனா மூடியைக் கழற்றி அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். வேலைக்கு ஆள் எடுக்கிறவன் ஆளைப் பார்க்கவில்லை, காது கொடுத்துக் கேட்கவுமில்லை. ஒரு எண் கேட்கிறான். அவளிடம் எண் இல்லையா என்ன? சாயங்காலம் இருநூறு பேரை வாயடைக்க வைத்தது எந்த எண்? இருக்கிறதைச் சொல்லு என்று புருஷனுக்கு அன்றைக்கு அவள்தானே சொன்னாள்? எழுதினாள். டிகிரி என்று சேர்த்து எழுத அந்தக் கட்டத்தில் இடம் இல்லை.

அருண்ராஜ் ஃபாரத்தைத் திருப்பிப் படித்தான். கண் விரிந்தது. பிறகு சந்தேகமாக நிமிர்ந்தான்.

“மேடம், இது டோன்தானே? மறுபடியும் உப்பு இல்லையே?”

“டோன்தான் சார்.”

“ஏழு கேட்டா இவ்ளோ வெச்சிருக்கீங்க! மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேக்கல சார்.”

சாலமன் கைக்குட்டையைத் தேடினார். அருண்ராஜ் கையெழுத்துப் போட்டான், சீல் குத்தினான். அக்டோபர் முதல் சனிக்கிழமையிலிருந்து வரச் சொன்னான். அந்தக் கட்டத்தில் இருந்த எண்:

25